கரித் துண்டு எந்த அளவில் இருக்க வேண்டும்? குமுட்டி, மீன் அடுப்பு, கணப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரி அடுப்பு இன்னும் ஒழிந்துவிடவில்லை. சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கும், மொட்டைமாடியில் மீன் சுடும் ஞாயிற்றுக்கிழமையிலும், புயல் அடித்து நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடக்கும்போதும் பரணிலிருந்து குமுட்டி இறங்கிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறிய பிறகு எத்தனையோ வீடுகளில் சோறு பொங்கியது விறகிலும் கரியிலும்தான்.

இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே புலம்பலும் ஆரம்பிக்கும். கரி ஈரம், அடுப்பு இழுக்கவில்லை, புகை கண்ணைக் கரிக்கிறது, தணல் நிற்கவில்லை. கரியையும் அடுப்பையும் திட்டுவதற்கு முன்னால் துண்டுகளின் அளவைப் பாருங்கள். தேங்காய் அளவுக் கட்டியும் பட்டாணி அளவு நொறுங்கலும் ஒரே அடுப்பில் கிடந்தால் எந்த நல்ல கரியும் எரியாது. துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், அந்த அளவு உங்கள் அடுப்பின் கம்பிக்கும் செய்யப்போகும் வேலைக்கும் பொருந்த வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்

கரி அதன் மேற்பரப்பில்தான் எரிகிறது. 8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரக் கட்டிக்கு மொத்த மேற்பரப்பு 384 சதுர செ.மீ. அதையே 2 செ.மீ. துண்டுகளாக உடைத்தால் 64 துண்டு வரும். மேற்பரப்பு 1,536 சதுர செ.மீ. ஆகிவிடும். எடை அதேதான், காற்றுபடும் இடம் மட்டும் நாலு மடங்கு. அதனால்தான் சின்னத் துண்டு சட்டென்று பிடித்து, சுள்ளென்று எரிந்து, சீக்கிரம் நீறாகிறது. பெரிய துண்டு மெதுவாகப் பிடித்து நீண்ட நேரம் நிற்கிறது.

அப்படியானால் வேகமாகச் சமைக்கச் சின்னத் துண்டாகவே போட்டுவிடலாமே என்றால், அங்கே காற்று குறுக்கே வருகிறது. துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் கீழிருந்து காற்று ஏற வேண்டும். துண்டு சிறுத்தால் சந்தும் சிறுக்கும். விசிறிக்கொண்டே இருந்தால் எரியும், விசிறியைக் கீழே வைத்தால் மங்கும். எல்லாவற்றையும்விட மோசம் கலப்படக் குவியல்தான். பெரிய துண்டுகளின் சந்தில் பொடித் துண்டுகள் போய் அடைத்துக்கொள்ளும். மேலே கரி நிறையத் தெரியும், உள்ளே மூச்சு இருக்காது.

ரொம்பப் பெரிதாகவும் போடக்கூடாது. தணல் நிற்பதே ஒரு துண்டின் சூட்டைப் பக்கத்துத் துண்டு வாங்கித் திருப்பிக் கொடுப்பதால்தான். தனியாக எடுத்து வைத்த கங்கு எத்தனை பெரிதானாலும் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். சின்னக் குமுட்டியில் இரண்டே இரண்டு பெரிய கட்டி போட்டால் அதேதான் நடக்கிறது: வெளிப்பக்கம் சாம்பல் பூத்து, உள்ளே கறுப்பாகவே கிடக்கும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க நிலக்கரி வாங்குகிறவர்கள் இதை வெகு காலமாகக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரியைச் சலித்து, அளவு அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். ‘அரிசி’ என்பது ஏறத்தாழ 5 முதல் 8 மி.மீ.; ‘பட்டாணி’ 14 முதல் 21 மி.மீ.; ‘கொட்டை’ 21 முதல் 41 மி.மீ.; அதற்கு மேலே ‘அடுப்பு’, ‘முட்டை’. கையால் கரி போடும் வீட்டு அடுப்புக்குப் பெரும்பாலும் கொட்டை அளவு. அரிசி அளவு, மின்விசிறி வைத்துக் காற்று தள்ளும் தானியங்கி அடுப்புக்கு. துண்டு சிறுத்தால் காற்றைத் தள்ளித்தான் ஆக வேண்டும் என்பது அங்கேயும் அப்படித்தான்.

படி 1: கம்பியை அளந்துகொள்ளுங்கள்

கரியை வாங்குவதற்கு முன் அடுப்பைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அல்லது தட்டில் போட்டிருக்கும் ஓட்டையின் அகலம் எவ்வளவு? சாதாரண இரும்புக் குமுட்டியில் 1 முதல் 1½ செ.மீ. இருக்கும். போடும் துண்டின் குறுகிய பக்கம் இதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அதாவது, 1½ செ.மீ. இடைவெளிக்கு 3 செ.மீ.க்குக் குறையாத துண்டு. எரிய எரியத் துண்டு சிறுக்கும். பாதி எரியும் முன்பே கீழே உதிர்ந்தால் சாம்பலோடு காசும் போகிறது.

குறுகிய பக்கம் என்று சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கரியில் பாதி சவுக்குக் கிளை. விரல் பருமன், ஒரு சாண் நீளம். நீளத்தைப் பார்த்துப் பெரிய துண்டு என்று நினைப்போம். நிமிர்ந்து நின்றால் கம்பி வழியாக நேரே சாம்பல் தட்டுக்குப் போய்விடும்.

அடுத்தது ஆழம். கம்பியிலிருந்து பாத்திரம் உட்காரும் முனை வரை எத்தனை செ.மீ.? அந்த ஆழத்தில் இரண்டிலிருந்து மூன்று அடுக்குக் கரி உட்கார்ந்து, மேலே இரண்டு விரல் இடம் காலியாக இருக்க வேண்டும். 10 செ.மீ. ஆழக் குமுட்டியில் 3 முதல் 4 செ.மீ. துண்டு சரியாக அமையும். இதைவிட உயரமாகக் குவித்தால் கீழே எரிந்து வரும் வாயு மேலடுக்குத் தணலைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவாக மாறும். கரிக்கு மேலே மெல்லிய நீலச் சுடர் ஆடுமே, அது அந்த வாயு எரிவதுதான். திறந்த வெளியில் பரவாயில்லை. வீட்டுக்குள் என்னாகும் என்பதைக் கணப்பு பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

படி 2: வேலையைத் தீர்மானியுங்கள்

பேச வசதியாக மூன்று அளவு வைத்துக்கொள்வோம். கொட்டைப்பாக்கு அளவு என்றால் 2 முதல் 3 செ.மீ.; எலுமிச்சை அளவு 3 முதல் 5; விளாங்காய் அளவு 6 முதல் 8.

சோறு, குழம்பு, டீ போன்ற அன்றாடச் சமையலுக்கு எலுமிச்சை அளவு. 20 செ.மீ. விட்டமுள்ள குமுட்டியில் இது ஏறத்தாழ அரை கிலோ பிடிக்கும். பால் சுண்டக் காய்ச்சவோ, மண்சட்டியில் மீன்குழம்பு அடங்கவோ எலுமிச்சையில் பெரிதாகப் பொறுக்கிப் போட்டு, காற்றுக் கதவைப் பாதி மூடிவிடுங்கள்.

மீன் சுடுவதற்கு அடுப்பு ஆழமாக இருக்கக்கூடாது, அகலமாக இருக்க வேண்டும். எலுமிச்சை அளவுத் துண்டை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே அங்கங்கே இன்னொன்று. இங்கே ஒரே அளவு என்பது ரொம்பவே முக்கியம், ஏனென்றால் பெரிய துண்டு இருக்கும் இடத்துக்கு மேலே மீன் தோல் கருகும், பொடி இருக்கும் இடத்தில் சதை பச்சையாக நிற்கும். வஞ்சிரத் துண்டும் சங்கராவும் நிதானமான சூட்டில் வேக வேண்டும். கம்பிவலை தணலுக்கு 10, 12 செ.மீ. மேலே இருக்கட்டும். உள்ளங்கையை வலை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். நாலைந்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. இரண்டிலேயே இழுத்தால் பொறுத்திருங்கள்.

மத்தி வேறு ரகம். எண்ணெய் கொட்டும் மீன், ஒவ்வொரு சொட்டுக்கும் குபுக்கென்று சுடர் எழும். அதற்குத் தணலைக் கொஞ்சம் விலக்கி நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி இடம் விட்டு, சுடர் வந்தால் மீனை அந்தப் பக்கம் தள்ளுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் எழும்பி மீன்மேல் உட்காரும். முழுக் கொடுவா மாதிரிப் பெரிய மீனுக்கு ஒரு பக்கம் விளாங்காய் அளவுக் கரியைக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுவதுதான் என் வழக்கம். முதலில் சூட்டுப் பக்கம் தோலை இறுக்கி, பிறகு காலிப் பக்கத்துக்கு நகர்த்தி, ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினால் முள் வரை வேகும்.

இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை, அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எலுமிச்சை அளவு, வெளியிலேயே முழுக்கச் சிவக்க வைத்து, ஊதிச் சாம்பலைத் தட்டி, பிறகுதான் பெட்டிக்குள் போகும். பொடி போட்டால் பக்கத்து ஓட்டை வழியாகப் பொறி பறந்து வெள்ளை வேட்டியில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை விழும்.

சாம்பிராணிக்கு ஒரே ஒரு கொட்டைப்பாக்குத் துண்டு போதும்.

படி 3: கடையில் பார்த்து வாங்குவது

விறகுத்தொட்டியில் போய் ‘கரி குடுங்கண்ணா’ என்று மட்டும் கேட்டால் சாக்கின் மேலே கிடப்பதை அள்ளிப் போடுவார்கள். அனுபவமுள்ள கடைக்காரர் தாமே கேட்பார்: “இன்னாத்துக்கு தம்பி? மீன் சுடவா, பெட்டிக்கா?” கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். அடிச்சாக்கு மட்டும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூட்டையைத் தூக்கி இறக்கும்போது உரசி உதிர்ந்த தூளெல்லாம் அடியில்தான் சேர்ந்திருக்கும். தூளுக்கும் கிலோ விலைதான்.

இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று உலோகம் மாதிரிக் கேட்டால் நன்றாக வெந்த கரி. மொத்தென்று கேட்டால் ஈரமாக இருக்கும், அல்லது அரைவேக்காடு. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: வெந்த கரி உள்ளே பளபளவென்று கறுப்பாக, மர வளையம் தெளிவாகத் தெரியும். நடுவில் பழுப்பு இருந்தால் அது இன்னும் பாதி விறகு. புகை அதிலிருந்துதான் வருகிறது.

எந்த மரம்? இந்தக் கரையோரத்தில் சவுக்குத் தோப்புக்குக் குறைவில்லை, சவுக்குக் கரி கெட்டியானது, வீட்டு வேலைக்கு முதல் தரம். கிளைக் கரி பெரும்பாலும் ஒரே பருமனில் வருவதால் உடைக்கும் வேலையும் குறைவு. வேலிகாத்தான் கரி தெற்கே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு வருவது. கனமாகவும் நல்ல சூடாகவும் இருக்கும், ஆனால் வேர்க்கட்டை முரடாக, கோணல்மாணலாக இருக்கும்; உடைக்காமல் போட முடியாது. கொட்டாங்கச்சிக் கரிக்குச் சூடு அதிகம், புகை குறைவு. அதன் வளைவுதான் தொல்லை. கொட்டாங்கச்சியை அப்படியே போட்டால் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும். இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்துப் போடுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை ஓடு எரிக்கக் கிடைக்கும். நன்றாக எரியும் என்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் கண், மூக்கு எரியும் ரகம். சாப்பாட்டு அடுப்பில் அதைச் சேர்க்கவே கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம். கரி ஈரத்தைச் சுலபமாக உறிஞ்சும், எடை கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கும் கரியில் ஒரு பங்கு தண்ணீருக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். முடிந்தால் சித்திரை, வைகாசி வெயிலிலேயே வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்கள் எத்தனை என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

படி 4: உடைப்பதும் சலிப்பதும்

சாக்கோடு வைத்து உலக்கையால் இடிப்பது சுலபமாகத் தோன்றும், கால்வாசி தூளாகிவிடும். கரியை ஒரு மரக்கட்டை மேல் வைத்து, கொடுவாளின் பின்புறத்தால் குறுக்காக ஒரு தட்டு. சவுக்கு நேராக ஒடியும். வேர்க்கட்டையில் ஏற்கெனவே விரிசல் இருக்கும். அந்த விரிசலைத் தேடி அடித்தால் தானாகப் பிளக்கும், வேறெங்கே அடித்தாலும் நொறுங்கும். பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், படபடவென்று பொறி பறப்பதில் பெரும்பங்கு பட்டையால்தான். வாய் மூக்குக்கு ஈரத்துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

சலிக்க இரண்டு வலை போதும். ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குலக் கண் வலையும் அரை அங்குலக் கண் வலையும் அடிக்கணக்கில் கிடைக்கும். மரச்சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அங்குல வலையில் தங்குவது சமையலுக்கு. அதில் விழுந்து அரை அங்குல வலையில் தங்குவது கொட்டைப்பாக்கு ரகம். பற்றவைக்கவும் சாம்பிராணிக்கும் தனி டப்பாவில். அதற்கும் கீழே விழுவது தூள், அதைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வலைகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி. சலிக்க மட்டும்தான். மீன் வைத்துச் சுட எடுத்தால் பூச்சு சூட்டில் ஆவியாகிப் புகையாக வரும், அது உடம்புக்கு ஆகாது.

படி 5: அடுக்கிப் பற்றவைப்பது

முதலில் சாம்பல் தட்டைக் காலி செய்யுங்கள். கம்பியின் மேல் பெரிய துண்டுகளை முதல் அடுக்காக, நெருக்காமல் வையுங்கள். நடுவில் ஒரு பிடி தென்னம்பாளைச் சீவலோ தேங்காய் நாரோ. அதன்மேல் கொட்டைப்பாக்குத் துண்டு ஒரு கை. பாளையைக் கொளுத்தி, சின்னத் துண்டுகளின் ஓரம் சாம்பல் பூத்ததும் எலுமிச்சை அளவைச் சுற்றிலும் மேலும் அடுக்குங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீனில் அந்த வாடை கடைசி வாய் வரை போகாது. பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

கறுப்பு முழுக்க மறைந்து வெளுத்த பிறகுதான் சமைக்க வேண்டும். அவசரத்தில் பாதி பிடித்த கரிமேல் சட்டி வைத்தால் அடியில் புகை படிந்து, பிறகு தேய்க்கிறவர் வாயில் விழ வேண்டியதுதான்.

நடுவில் கரி போடும்போது ஒரே தடவையில் கொட்டாமல், பச்சைக் கரியை ஓரத்தில் வைத்துச் சூடேற்றி உள்ளே தள்ளுங்கள். குச்சியால் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள். துண்டு உடைந்து நீங்கள் சலித்து வைத்ததெல்லாம் வீணாகும். கம்பியின் அடியில் மட்டும் ஒரு கம்பியை விட்டு இரண்டு தட்டுத் தட்டினால் சாம்பல் உதிரும்.

கடற்காற்று விஷயம்

புத்தகக் கணக்கு எல்லாம் காற்றில்லாத இடத்துக்கு. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ மொட்டைமாடியில், மத்தியானத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று ஏறும்போது எலுமிச்சை அளவுக் கரி கொட்டைப்பாக்குக் கரி மாதிரி வேகமாகத் தீர்ந்துவிடும். அப்போது ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள், அடுப்பின் வாயைக் காற்று வராத பக்கம் திருப்புங்கள், இல்லாவிட்டால் கிழக்கே ஒரு தகரத்தை நிறுத்துங்கள். இலை அசையாத புழுக்கமான சாயங்காலத்தில் இதற்கு நேர்மாறு: துண்டைச் சிறிதாக்கி, வாயை முழுக்கத் திறந்து, ஒரு அடுக்கைக் குறையுங்கள். இது பழகப் பழக வரும். அன்றைக்கு மாடியில் காயும் துணி எப்படி ஆடுகிறது என்று பார்த்தே அளவைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

நெய்வேலி நிலக்கரியைப் போடலாமா?

மாவட்டத்திலேயே சுரங்கம் இருப்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வேண்டாம். நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. வெட்டி எடுக்கும்போது எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். காய வைத்தால் வெடித்துப் பொடிகிறது, ஆகவே எந்த அளவில் உடைத்தாலும் அந்த அளவில் நிற்காது. குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. புகையிலும் கந்தகம் இருக்கும். 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் ஒரு காலத்தில் இதையே வீட்டு அடுப்புக்கு ஏற்றதாக மாற்றித்தான் ‘லெகோ’ என்று விற்றது: பொடியாக்கி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றில்லாமல் சுட்டு. வயதானவர்களைக் கேட்டால் லெகோ அடுப்பை நினைவு வைத்திருப்பார்கள். அதன் பெரிய வசதியே எல்லாக் கட்டியும் ஒரே அளவாக இருந்ததுதான்.

கணப்பு: இங்கே மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன்

மார்கழியில்கூட நம் கரையோரத்தில் ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அறையைச் சூடாக்கும் தேவை நமக்குக் குறைவு. ஆனாலும் வயதான தாத்தாவுக்குக் கைகால் சில்லிடுகிறது, பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று கணப்புச் சட்டி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அதற்கு விளாங்காய் அளவுதான் சரி: நன்றாகச் சிவந்த நாலைந்து துண்டு, மேலே ஒரு விரல் கனத்துக்குப் பழைய சாம்பல். மெதுவாக, மணிக்கணக்கில் சூடு தரும். சட்டியின் அடியில் மணல் பரப்பி, செங்கல் மேல் வையுங்கள். நேரே சிமென்ட் தரையில் வைத்தால் தரை வெடித்துப் பெயரும்.

இதைத் திண்ணையிலோ திறந்த முற்றத்திலோதான் வைக்க வேண்டும், மூடிய அறைக்குள் கூடாது. புகை இல்லையே, கரி வெளுத்துவிட்டதே என்று உள்ளே எடுத்துப் போகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. சாம்பல் மூடிய தணல், காற்று குறைவாகக் கிடைப்பதால், இந்த வாயுவை இன்னும் அதிகமாகத்தான் விடும். ஏ.சி. அறை, கதவு சாத்திய பிரசவ அறை, கூடாரம், கார் எதிலும் தணல் கூடாது. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தையும் மூடிய அறையில் செய்யாமல் இருப்பதே நல்லது.

அணைப்பதும், தூளைக் காசாக்குவதும்

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். அடுப்பு விரியும், கரியும் வெடித்துப் பொடியாகும். இடுக்கியால் தணலை ஒரு மூடியுள்ள இரும்புச் சட்டியில் போட்டு இறுக மூடினால் காற்றில்லாமல் தானே அணையும். அணைந்த கரி அடுத்த தடவை புதுக் கரியைவிட வேகமாகப் பிடிக்கும், கொட்டைப்பாக்கு டப்பாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய சட்டியை மறுநாள் வரை திறக்க வேண்டாம். சாம்பலையும் உடனே குப்பையில் கொட்டக்கூடாது. நீறு பூத்த நெருப்பு உள்ளே நெடுநேரம் கிடக்கும், குப்பைத்தொட்டி பற்றிக்கொண்டு தெருவே ஓடி வரும்.

சலித்துச் சேர்த்த தூள் ஒரு கிலோ வந்ததும் 50 முதல் 80 கிராம் மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. சாணியும் களிமண்ணும் சேர்ப்பது பழைய முறை. களிமண் கூடினால் சாம்பல் கூடும், கஞ்சிதான் மேல். எலுமிச்சை அளவுக்கு உருட்டி, தென்னை ஓலைமேல் நாலு நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள், சாயங்காலம் பனி இறங்கும் முன் எடுத்துவிடுங்கள். உடைத்துப் பார்த்தால் நடுவிலும் உலர்ந்திருக்க வேண்டும். தனியாகப் பற்றவைக்கக் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும், எரிந்துகொண்டிருக்கும் தணல்மேல் இரண்டொன்று போட்டால் மீன்குழம்பு அடங்கும்வரை நிற்கும்.